லேப்டாப் ஹார்டு டிஸ்க்: மீட்பும் மாற்றமும்

லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் பழுதாகும் நாளில் உரிமையாளரின் முன் இரண்டு வேலைகள் வந்து நிற்கின்றன. மெஷினை மறுபடி ஓட வைப்பது ஒன்று. பழைய டிஸ்க்கில் இருக்கும் படங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் வெளியே எடுப்பது மற்றொன்று. முதல் வேலை எளிது. ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரும் புது டிஸ்க்கும் அரை மணி நேரமும் இருந்தால் முடிந்துவிடும். இரண்டாவது வேலை பெரும்பாலும் முதல் வேலையின் அவசரத்தால்தான் கெடுகிறது. கிளம்பாத மெஷினைத் திரும்பத் திரும்ப ஆன் செய்வது, திரையில் வரும் பழுது நீக்கும் பொத்தானை அழுத்துவது, அதே டிஸ்க்கின் மேல் விண்டோஸை மறுபடி நிறுவுவது எல்லாம் மெஷினுக்காகச் செய்யப்படுபவை. தரவுக்கு இவை ஒவ்வொன்றும் கேடு. ஆகவே எதை முதலில் செய்வது என்பதே இதில் பாதி வேலை: முதலில் நகல், பிறகு நகலில் தேடல், மற்றதெல்லாம் அதற்குப் பின்.

டிஸ்க்கின் உள்ளமைப்பைப் பார்த்தால் இந்த வரிசை ஏன் என்பது விளங்கும். லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல வகை. தடிமன் 7 அல்லது 9.5 மி.மீ. உள்ளே ஒன்று அல்லது இரண்டு வட்டத் தகடுகள், பெரும்பாலும் கண்ணாடியில் செய்தவை. அவற்றின் மேல் காந்தப் பூச்சு, அதற்கு மேல் காப்பாக ஒரு கரிமப் படலம், அதற்கும் மேல் மிக மெல்லிய மசகு. சாதாரண லேப்டாப் டிஸ்க்கில் தகடு நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. 65 மி.மீ. விட்டமுள்ள தகட்டின் வெளிவிளிம்பு அப்போது மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டோடு சேர்ந்து சுழலும் காற்றின் மேல், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கூட ஹெட்டின் பாதையில் ஒரு பாறைதான்.

டிஸ்க் முழுக்க அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றழுத்தம் சமமாவதற்காக மூடியில் வடிகட்டியுடன் கூடிய ஒரு சிறு துளை உண்டு. அதை மூட வேண்டாம் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்குக்குள் தண்ணீர் நுழைவது இந்த வழியாகத்தான். அப்படி நனைந்ததை வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் தவறு. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை.

இவ்வளவு நுட்பமான பொருள் பைக்குள் போட்டுக்கொண்டு திரியும் அளவுக்கு வந்ததே ஓர் அதிசயம். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தகடுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். பிரெய்ரிடெக் என்ற அமெரிக்க நிறுவனம் 2.5 அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது 1988-இல். அதன் கொள்ளளவு 20 எம்பி. அதே காலத்தில்தான் பிரான்சில் ஆல்பர் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே பெருங்காந்தமின்தடை விளைவைக் கண்டறிந்தார்கள். 1997 முதல் ஹெட்டுகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது, கொள்ளளவு தாவிப் பெருகியது. இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெருகிய கொள்ளளவுக்கு ஒரு விலையும் உண்டு: ஒரு மில்லிமீட்டர் கீறலில் இன்று அழியக்கூடியது அன்றைய ஒரு முழு டிஸ்க்கைவிட அதிகம்.

பழுது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் நான்கைந்து வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. முதலாவது, டிஸ்க்கே கெடாமல் இருப்பது. சில லேப்டாப்களில் டிஸ்க்கையும் மதர்போர்டையும் ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் இணைக்கிறது. 2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்தக் கேபிள் தேய்ந்து போவது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் ஒழுங்காக ஓடும். டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்து எழுதி வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, தகட்டின் பரப்பில் ஆங்காங்கே படிக்க முடியாத செக்டர்கள், அதாவது தரவு எழுதப்படும் சிறு கூறுகள். மெஷின் ஓடும், ஆனால் இழுக்கும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்கள் இதைக் காட்டும். 5 என்பது மாற்று இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட செக்டர்களின் கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. இந்தப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் உண்டு: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தவை. ஆகவே பட்டியல் கெட்டது என்று சொன்னால் நம்பலாம்; நல்லது என்று சொன்னால் நம்ப முடியாது.

மூன்றாவது, ஹெட் அல்லது மோட்டார் பழுது. டிக், டிக், டிக் என்று ஒரே சீராக அடித்துவிட்டு டிஸ்க் நின்றுவிடும். ஹெட்டால் தகட்டிலுள்ள வழிகாட்டித் தடங்களைப் படிக்க முடியவில்லை; அதைத் தாங்கும் கை விளிம்புவரை போய் இடித்துத் திரும்பி மறுபடி தேடுகிறது என்பதே அந்தச் சத்தத்தின் பொருள். ஓடிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்த லேப்டாப்களில் இது அதிகம். நான்காவது, அடியிலுள்ள மின்பலகை எரிந்து டிஸ்க் சத்தமே இல்லாமல் கிடப்பது. ஐந்தாவது, உறுப்புகள் எல்லாம் நலம். கோப்புகளின் அட்டவணை மட்டும் சிதைந்துவிட்டது, அல்லது யாரோ ஃபார்மேட் செய்துவிட்டார்கள்.

அடிக்கும் சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்துவது. கெட்ட ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் தகட்டைச் சுரண்டக்கூடும். சுரண்டி எடுத்த தூள் மற்ற இடங்களையும் கெடுக்கும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற வைத்தியம் இன்னும் உலவுகிறது. குளிர்ந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். அந்த ஈரத் தகட்டின் மேல்தான் ஹெட் மிதக்க வேண்டும். இந்த வைத்தியத்தை மறந்துவிடுவதே நல்லது. மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம்.

சத்தம் இல்லாமல், மெதுவாகவேனும் டிஸ்க் படிக்கிறது என்றால் வீட்டிலேயே மீட்க முயலலாம். அதற்கு முன் இரண்டு ஆசைகளை அடக்க வேண்டும். ஒன்று, விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளை. அதன் நோக்கம் கோப்பு அமைப்பை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உள்ளடக்கத்தைக் காப்பது அன்று. படிக்க முடியாத அட்டவணைப் பதிவுகளை அது வெட்டி எறிந்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிவிக்கும். மற்றது ஃபார்மேட். ஃபார்மேட் செய்தால் பேட் செக்டர் போய்விடும் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படிக்க முடியாத செக்டரில் புதிதாக எழுத முயன்றால் டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு இருப்பிலுள்ள மாற்றுச் செக்டரைக் கொடுக்கும். 197-ஆம் எண் பூச்சியத்துக்கு வந்துவிடும். பழைய செக்டரில் இருந்ததும் அதோடு போய்விடும்.

செய்ய வேண்டியது முழு டிஸ்க்கின் நகலை, கோப்பு கோப்பாக இல்லாமல் செக்டர் செக்டராக எடுப்பது. கோப்புகளாகக் காப்பி செய்யும்போது ஹெட் அட்டவணைக்கும் கோப்புக்குமாக ஆயிரம் முறை அலைகிறது; வழியில் ஒரு பேட் செக்டர் வந்தால் விண்டோஸ் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கென்றே எழுதப்பட்ட கருவி, அந்தோனியோ டியாஸ் டியாஸ் உருவாக்கிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. இலவசம், லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி ஓட்டலாம். நனைந்து ஒட்டிய கணக்கு நோட்டைப் புரட்டுகிறவர் ஒட்டாத பக்கங்களை எல்லாம் முதலில் எழுதி எடுத்துவிட்டு ஒட்டியவற்றைக் கடைசியில் பிரிப்பதைப் போன்றது அதன் முறை. முதல் சுற்றில் பெரிய பெரிய துண்டுகளாகப் படிக்கும். பிழை வந்தால் அந்த வட்டாரத்தையே தாண்டி அடுத்த இடத்துக்குப் போகும். நல்ல பகுதி முழுவதும் கைக்கு வந்த பிறகு திரும்பி வந்து கெட்ட பகுதியின் ஓரங்களை நெருக்கும். அதற்கும் பிறகே செக்டர் செக்டராகச் சுரண்டும். எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் நிறுத்தி, டிஸ்க் ஆறிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்த வரிசையின் அருமை கணக்குப் போட்டால் தெரியும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கும் 500 ஜிபி டிஸ்க்கை ஒன்றரை மணி நேரத்துக்குள் நகலெடுத்துவிடலாம். ஆனால் ஒரு கெட்ட செக்டரில் டிஸ்க் தானே பலமுறை முயன்று பார்த்துப் பிழை சொல்ல ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் கெட்ட செக்டருக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம். 512 பைட் கணக்கில் அந்தப் பத்தாயிரமும் சேர்ந்து 5 எம்பி, அதாவது ஒரே ஒரு புகைப்படத்தின் அளவு. அந்த ஒரு படத்துக்காக 14 மணி நேரம் முட்டி மோதும்போது டிஸ்க் செத்துவிட்டால் மீதி 500 ஜிபியும் போயிற்று. சாகும் நிலையிலுள்ள டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. இருக்கும் நேரத்தை நல்ல பகுதிக்குச் செலவிடுவதே புத்தி.

நகல் போய்ச் சேரும் டிஸ்க் பழையதைவிடச் சற்றேனும் பெரிதாக இருக்க வேண்டும். எந்த டிஸ்க் மூலம், எந்த டிஸ்க் நகல் என்பதை வரிசை எண்ணை வைத்து இருமுறை சரிபார்க்க வேண்டும். இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். விலை மலிந்த யுஎஸ்பி அடாப்டர்கள் பிழை வந்ததும் தொடர்பையே துண்டித்துவிடும் வழக்கமுள்ளவை. மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேராக மாட்டுவது மேல்.

நகல் கிடைத்ததும் பழைய டிஸ்க்கை எடுத்துத் தனியே வைத்துவிடலாம். இனி எல்லாத் தேடலும் நகலில். நகலின் அட்டவணை நலமாக இருந்தால் ஃபோல்டர்கள் அப்படியே திறக்கும். பார்ட்டிஷன் மட்டும் காணாமல் போயிருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் அதைத் தேடி எடுக்கும். அட்டவணையே இல்லை என்றால் அவருடைய ஃபோட்டோரெக் வேறு வழியில் போகிறது: கோப்பு வகைகளுக்குரிய தொடக்க அடையாளங்களைத் தேடுகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடு தொடங்கும். அங்கிருந்து வெட்டி எடுத்தால் படம் வந்துவிடும். ஆனால் பெயரும் ஃபோல்டரும் அட்டவணையில் இருந்தவை, அவை வராது. பல துண்டுகளாகச் சிதறி எழுதப்பட்டிருந்த பெரிய வீடியோக்களும் பெரும்பாலும் முழுதாக வருவதில்லை. இருபதாயிரம் படங்கள் வெறும் எண்களைப் பெயராகத் தாங்கி வந்து நிற்கும்போது, கேமரா படத்துக்குள்ளேயே பதித்து வைத்த நாளும் நேரமும்தான் அவற்றை வரிசைப்படுத்தக் கை கொடுக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடு பரவலாகும் முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளில் உண்மையில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. ஆவணங்களை மட்டும் மீட்டுப் புது விண்டோஸில் திறந்தால் பக்கம் முழுக்கக் குப்பையாகத் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்கவும் தோன்றும். கோப்பு கெடவில்லை. பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் போதும். அதன் பிறகு எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம்.

மறையாக்கம் இதைவிடக் கடுமையான தடை. விண்டோஸ் 8.1 காலத்திலிருந்து பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. அப்படிப்பட்ட டிஸ்க்கின் நகல், 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் வெறும் இரைச்சல். சாவி வழக்கமாக அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்தால் பிழைத்தது.

ஹெட் போன டிஸ்க்குக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஆய்வகத்தில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள் நூறுக்கு மிகாத தூய சூழலில் திறக்கிறார்கள். அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கை வாங்கி, அதன் ஹெட் தொகுதியைக் கழற்றி இதில் பொருத்தி, ஓடும் கொஞ்ச நேரத்துக்குள் நகலெடுக்கிறார்கள். மின்பலகை எரிந்த டிஸ்க்குக்கு அதே மாடலின் பலகையை மாட்டினால் போதும் என்பது பழைய காலத்து உண்மை. இன்றைய பலகையில் அந்த ஒரு டிஸ்க்குக்கென்றே தொழிற்சாலையில் அளந்து பதித்த அளவுகள் ஒரு சிறு சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பழைய பலகையிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைத்தால்தான் டிஸ்க் தன்னை அடையாளம் கண்டுகொள்ளும். செலவு புது லேப்டாப்பின் விலையைத் தாண்டுவதும் உண்டு.

ஆய்வகம் எதுவரை போக முடியும் என்பதற்கு ஓர் எல்லைக்கல் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. செனான் வாயுவின் பாகுத்தன்மையை அளந்த ஒரு சோதனையின் தரவில் ஒரு பகுதி பறக்கும்போதே வானலையில் வந்துவிட்டது. மீதி 400 எம்பி அளவிலான ஒரு டிஸ்க்கில் இருந்தது. சிதறல்களுக்கிடையே கிடைத்த அது கருகியிருந்தது. ஓரத்து அடைப்பு உருகி உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆனால் தகடுகளில் கீறல் இல்லை. அவற்றைச் சுத்தம் செய்து புதிய உறுப்புகளோடு பொருத்தியபோது 99 சதவீதம் தரவு வந்தது. கணினி டாஸ் இயக்க அமைப்பில் ஓடியதும் உதவியது. அது தரவைச் சிதறடிக்காமல் ஒரே பக்கமாக எழுதி வைத்திருந்தது. ஆய்வு முடிவுகள் 2008-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியாயின. தீயும் வீழ்ச்சியும் தாங்கிய டிஸ்க் பிழைத்தது. மேசையில் இருந்தபடியே ஹெட் உரசிய எத்தனையோ டிஸ்க்குகள் பிழைப்பதில்லை. தகட்டுப் பரப்பு தப்பியதா என்ற ஒன்றே கேள்வி.

இவ்வளவும் சுழலும் டிஸ்க்குக்கு. தகடே இல்லாமல் நினைவகச் சிப்களில் எழுதும் எஸ்எஸ்டி வேறு சாதி. சத்தம் இல்லை, அறிகுறியும் பெரும்பாலும் இல்லை. கட்டுப்பாட்டுச் சிப் செத்தால் ஒரே நொடியில் டிஸ்க் மறைந்துவிடும். நினைவகச் சிப்களைத் தனியே பிரித்துப் படித்தாலும், தரவு கலைத்தும் பல நேரம் மறையாக்கியும் வைக்கப்பட்டிருப்பதால் பயனில்லை. கோப்பை அழித்தவுடன் இயக்க அமைப்பு டிரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. அந்த இடங்களை எஸ்எஸ்டி தானாகவே காலி செய்துவிடும். அழித்ததை நிதானமாகத் தேடி எடுக்கலாம் என்ற சுழல் டிஸ்க் காலத்து நம்பிக்கை இங்கே செல்லாது.

மாற்றும் வேலைக்கு வரலாம். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கில் தரவுக்கு 7 தொடுமுனை, மின்சாரத்துக்கு 15 தொடுமுனை. இடமும் அளவும் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. ஆகவே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எதுவும் பழைய டிஸ்க்கின் இடத்தில் பொருந்தும். மறுபடி சுழலும் டிஸ்க்கே வாங்க இப்போது காரணம் ஏதும் இல்லை. பார்க்க வேண்டியது தடிமன் மட்டும்: 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். சிறு அட்டை வடிவிலான எம்.2 வகை எஸ்எஸ்டியில் கவனம் கூடுதலாக வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், ஆனால் ஒரே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. இரண்டில் எதை மெஷின் ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சில மெலிந்த லேப்டாப்களில் சேமிப்புச் சிப்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை; அங்கே மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மெஷினை முழுதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். டிஸ்க்கின் பக்கவாட்டிலுள்ள தாங்கியைக் கழற்றிப் புதியதில் மாட்டி, இணைப்பானில் நேராகத் தள்ளினால் வேலை முடிந்தது. ஸ்க்ரூக்கள் நீளம் வேறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று வரிசையாக வைத்துக்கொள்ளாவிட்டால் நீளமான ஒன்று குறுகிய இடத்தில் போய் மதர்போர்டைக் குத்தும்.

மீட்ட நகலையே புது டிஸ்க்கில் ஊற்றி மெஷினைக் கிளப்பலாமா? குறையில்லாமல் வந்த நகலானால் செய்யலாம். ஓட்டைகள் உள்ள நகலானால் வேண்டாம். படிக்க முடியாத செக்டர்களின் இடத்தில் பூச்சியங்கள் நிரம்பியிருக்கும். அவை விண்டோஸின் எந்தக் கோப்புக்குள் விழுந்தன என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். விண்டோஸைப் புதிதாக நிறுவி, சொந்தக் கோப்புகளை மட்டும் நகலிலிருந்து எடுப்பதே சீரான வழி. விண்டோஸ் 8 முதல், நிறுவனம் நிறுவித் தந்த லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. டிஸ்க் மாறியதால் உரிமம் போகாது.

எஞ்சுவது பழைய டிஸ்க். உத்தரவாதக் காலம் இருந்தால் நிறுவனம் மாற்றித் தரும், ஆனால் பழையதை வாங்கிக்கொள்ளும்; உள்ளே இருப்பவையும் அதோடு போகும். அழித்துக் கொடுக்கலாம் என்றால், பழுதான டிஸ்க்கில் முழுதாக எழுதி அழிக்க முடிவதில்லை. ஒதுக்கப்பட்ட செக்டர்களில் பழைய தரவு தங்கிவிடும். வங்கிக் கணக்கும் அடையாள ஆவணங்களும் இருந்த டிஸ்க் என்றால் உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்துத் தகட்டை உடைப்பதே பாதுகாப்பு. கண்ணாடித் தகடு சில்லு சில்லாகத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் காப்பு வேண்டும். உடைத்தது குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. இதற்கும் அவசரம் இல்லை. மீட்ட கோப்புகளைப் பெயர்ப் பட்டியலாகப் பார்த்தால் போதாது. உரிமையாளரே உட்கார்ந்து திறந்து பார்த்து, குறைந்தது இன்னொரு டிஸ்க்கிலும் நகல் வைத்த பிறகுதான் பழைய டிஸ்க்கின் மேல் சுத்தியலை ஓங்கலாம்.